பத்தவச்ச சக்கரம்

அசையாதீங்க சார். கம்பியில வச்ச கை வச்ச மேனிக்கே இருக்கட்டும். உங்க பக்கம் கீழ பாக்காதீங்க. பாத்தா என்ன தெரியப்போகுது, வெறும் மேகந்தான். வண்டி எங்கயும் போகாது. பின்னாடி எடதுசக்கரம் பள்ளத்துல எறங்கி ஒரு மரத்து வேருல முட்டி நிக்குது. வலதுசக்கரம் தரைய விட்டு ஒரு சாண் தூக்கிக்கிட்டு நிக்குது. என் கால் பிரேக்குல இருக்கு. ஹேண்ட் பிரேக்க நம்பாதீங்க, அது செத்து ரொம்ப நாளாச்சு.

எறங்கலாமாவா? எப்பிடி எறங்குவீங்க? உங்க பக்கம் கால வச்சா காத்துலதான் வைக்கணும். பின்பக்கமாப் போகலாம்னா உங்க டவர் பேட்டரிய அடுக்கி வச்சிருக்கோம், எலி நுழையாது. எறங்குனா என் பக்கமாத்தான் எறங்கணும். அதுக்கு நான் மொதல்ல எறங்கணும். நான் எறங்குனா என் கனம் போயி வண்டி உங்க பக்கம் சாஞ்சிரும். அதனால ரெண்டு பேரும் இப்பிடியே உக்காந்திருப்போம்.

பயப்படாதீங்க. இந்தப் பாதையில ஒரு வழக்கம் இருக்கு. மாட்டிக்கிட்ட வண்டிய அடுத்து வர்ற வண்டி இழுத்து விட்டுட்டுத்தான் போகணும். வெட்டுக்குத்துப் பகையா இருந்தாலும் சரி, தாலி கட்டப் போற மாப்பிள்ளையா இருந்தாலும் சரி. கயிறு போடாமத் தாண்டிப் போனவன் இந்த மலையில மறுபடி ஜீப்பு ஓட்ட முடியாது. ஊதப்பாறையில இருந்து சாயங்கால வண்டி எப்பிடியும் எறங்கும்.

அந்த டவர மட்டும் இன்னைக்கே சரி பண்ணிக் கொடுத்துருங்க சார், புண்ணியமாப் போகும். எனக்கு எதுக்கா? என் சம்சாரம் மேல ஊதப்பாறையில இருக்கா, அவ அண்ணன் வீட்டுல. ஜெயக்கொடின்னு பேரு. நானும் ஒரு மாசமா போன் போட்டுப் போட்டுப் பாக்குறேன், எடுக்கவே மாட்டேங்குறா. டவர் இல்லேன்னா அவ எப்பிடி எடுப்பா, பாவம்.

என்னது? முந்தாநாள் இடிக்குத்தான் போச்சா? இல்ல சார், அதுக்கு முன்னாடியும் சரியா இருந்திருக்காது. மணி அடிச்சுதாவா? அடிச்சுது, முழுசா அடிச்சு அடங்கும். அது இந்தப் பக்கம் அடிக்கிறது சார். அங்க அடிச்சுதான்னு யாருக்குத் தெரியும்? நீங்க மேல ஏறிப் பாத்தீங்கன்னா வெளங்கிரும், அது என்னைக்கோ கெட்டுப்போன டவரு.

சும்மாதான உக்காந்திருக்கோம், சொல்றேன். நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. எங்களுக்குள்ள சண்டை நகைநட்டுக்கு இல்ல, குடிக்கு இல்ல. டிஃபரன்ஷியலுக்கு. சிரிக்காதீங்க சார், வண்டி ஆடுது.

பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒரு இரும்பு உருண்டை இருக்குல்ல, அதுக்குள்ள இருக்குறதுதான் டிஃபரன்ஷியல். வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலா ஓடணும், உள்பக்கச் சக்கரம் கொறச்சலா ஓடணும். அதனால ரெண்டையும் அதது போக்குல ஓடவிடும். ரோட்டுக்கு அது சரி. சேத்துல மாட்டுனா கத கெட்டுச்சு. வழுக்குற சக்கரம் பம்பரமாச் சுத்தும், கெட்டித் தரையில நிக்கிற சக்கரம் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கும். வண்டி நகராது.

அதுக்கு ரெண்டு வைத்தியம். ஒண்ணு, லிமிட்டட் ஸ்லிப்பு. உள்ள தட்டுத் தட்டா வச்சிருப்பான். ஒரு சக்கரம் ரொம்ப ஓடுனா அந்தத் தட்டு உரசி, அடேய் இருடான்னு இழுத்துப் பிடிச்சு, வேகத்துல கொஞ்சத்த இன்னொண்ணுக்குக் கொடுக்கும். பிடிக்கவும் செய்யும், விடவும் செய்யும். இன்னொண்ணு லாக்கு. ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டிரும். ஒண்ணு சுத்துனா இன்னொண்ணும் சுத்தியே ஆகணும். சுவிட்ச்சு வச்ச லாக்கும் இருக்கு. சேத்துல போட்டுக்கலாம், திருப்பத்துல எடுத்துக்கலாம்.

எனக்கு எப்பவும் லாக்குதான் சார். பிடிச்சாப் பிடிக்கணும். கொஞ்சம் பிடிப்பேன், கொஞ்சம் விடுவேன்னா அது என்ன பிடி? ஆனா ஜெயக்கொடி லிமிட்டட் ஸ்லிப்புத்தான் வேணும்ங்குறா. உனக்கு என்னடி தெரியும்னு கேட்டேன். 'போன வருசம் மழைக்கு யாரு ஓட்டுனது'ன்னு திருப்பிக் கேக்குறா.

அது வாஸ்தவந்தான். போன வருசம் ஐப்பசியில, ஒரு பாறையில ஏத்தும்போது ஸ்டியரிங்கு வெட்டி எனக்குத் தோள்பட்டை எறங்கிப்போச்சு. கட்டுப் போட்டு வீட்டுல கெடந்தேன். வண்டி நின்னா சோறும் நின்னுரும். அவுக அப்பா ஜீப்பு ஓட்டுனவரு, இவளும் கொமரியா இருக்கும்போதே ஓட்டப் பழகியிருக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் நான் விடல. எதுக்கு விடணும், நான் ஒருத்தன் இருக்கேன்ல? அந்த மழைக்கு மட்டும் சாவியக் கொடுத்தேன்.

ஓட்டுனா சார். பொய் சொல்லக் கூடாது, நல்லாவே ஓட்டுனா. ஒரு சக்கரம் வழுக்குனா பதறவே மாட்டா. லேசா பிரேக்க மிதிச்சு அதை அமுக்கி, காலாலயே கெஞ்சிக் கெஞ்சி வண்டிய ஏத்திருவா. ஏலக்கா மூட்டை, அரிசி, பிரசவத்துக்குப் போற பொம்பளைங்க, அம்புட்டும் அவதான் ஏத்தி எறக்குனா. எனக்குக் கட்டுப் பிரிச்சதும் ஸ்டாண்டுல போயி நிக்கிறேன். ஒரு பெரியவரு வந்து என்கிட்டயே கேக்குறாரு, 'ஏப்பா, ஜெயக்கொடி வண்டி எப்பக் கெளம்பும்?'னு. என் வண்டி சார்! என் வண்டிக்கு அவ பேரு! எனக்குக் கோவமெல்லாம் வரல. சிரிச்சேன். வீட்டுக்குப் போயி சாவிய வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டேன், அவ்வளவுதான்.

காலையில ஒரு நடை நான் ஓட்டுறேனே, நீங்க சாயங்காலம் ஓட்டுங்களேன்னு கேட்டா. எதுக்குத் தனித்தனியா? நீ பாட்டுக்கு என் பக்கத்துல உக்காந்து வா, ரெண்டு பேரும் சேந்தே போவோம் வருவோம்னேன். நாங்க அப்பிடித்தான் சார். அவ கோயிலுக்குப் போனா நானும் போவேன். அண்ணன் வீட்டுக்குப் போகணும்னா நானும் போவேன். எனக்கு வேலை ஒழியலேன்னா அவளும் போக மாட்டா. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, அம்புட்டு ஒத்துமை. நான் பசியாறுனாத்தான் அவளும் பசியாறுவா. அதுல என்ன குறை சொல்லுங்க?

அவ அண்ணன் பேரு குபேந்திரன். எனக்கு மச்சான். மேல ஜீப்பு வச்சிருக்காரு, வேலையும் தெரியும். ஏதோ பழைய வண்டியில இருந்து ஒரு லிமிட்டட் ஸ்லிப்பக் கழட்டிச் சாக்குல கட்டி வச்சிருந்தாரு. 'தங்கச்சிக்காக வச்சிருக்கேன் மாப்ள, ஒரு நாளு வண்டிய விட்டுட்டுப் போங்க, மாட்டி விடுறேன்'னாரு. தங்கச்சிக்காகவாம். வண்டி யாரோடது?

நான் கீழ ஒரு பட்டறைக்குப் போயி லாக்கு கேட்டேன். சுவிட்ச்சு, காத்துக் குழாயின்னு அவன் இழுத்துக்கிட்டே போறான். எதுக்குடா சுவிட்ச்சு? எடுக்குறதா இருந்தா எதுக்குப் பூட்டணும்? டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்குற பல்லு அம்புட்டையும் ஒண்ணோட ஒண்ணா வெல்டு வச்சு விட்டுருன்னேன். 'அண்ணே, பத்தவச்சா இனிமே பிரிக்க முடியாதுண்ணே'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னான். பிரிக்க வேணாம்னுதானடா வந்திருக்கேன்னேன்.

தார் ரோட்டுத் திருப்பத்துல டயரு கீச்சுன்னு கத்தும். நீங்ககூட வரும்போது என்ன சத்தம்னு கேட்டீங்க, நான் மழைன்னு சொல்லி வச்சேன். ஸ்டியரிங்கு ஒடிச்சா வண்டி நேராத்தான் போவேன்னு அடம் பிடிக்கும். அதெல்லாம் பழகிரும். ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்துற அழகு இருக்கே, அது தனி சார்.

பத்தவச்சு மொத நடை. அவளை அண்ணன் வீட்டுக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன். பத்தவச்சத அவகிட்டச் சொல்லல, அசத்தலாம்னு இருந்தேன். இதே எடம் சார். இந்த வழுக்குமேடு. பாதையே பள்ளத்துப் பக்கம் சாஞ்சு கெடக்கு பாருங்க, அடியில வெறும் களிமண்ணு. அவ உக்காந்திருந்தது நீங்க உக்காந்திருக்குற எடந்தான். ஏறும்போது பின்பக்கம் மொத்தமாப் பள்ளத்துப் பக்கம் இழுத்துச்சு. 'கால எடுங்க, கால எடுங்க'ன்னு கத்துறா. நான் ஆக்ஸிலேட்டர இன்னும் கொஞ்சம் மிதிச்சேன். ஏத்திரலாம்னு ஒரு நம்பிக்கை. போயி ஒரு மரத்துல மோதி நின்னுச்சு.

மச்சான் அதுக்கு ஒரு வெளக்கம் சொன்னாரு. சாதா வண்டின்னா சரிவுல ஒரு சக்கரம் வழுக்கும், இன்னொண்ணு மண்ணப் பிடிச்சு நிக்கும். லிமிட்டட் ஸ்லிப்பும் ஓரளவு அப்பிடித்தான், கால லேசா வச்சாப் போதும். பத்தவச்சதுன்னா ரெண்டும் சேந்தே வழுக்கும். தாங்கிப் பிடிக்க ஒண்ணும் மிச்சமிருக்காது. அவர் சொன்னது அது. நான் ஒத்துக்கல. அன்னைக்கு மண்ணு சரியில்ல. இன்னைக்கும் மண்ணு சரியில்ல.

ஜெயக்கொடி பின்பக்கமாத் தவ்வி எறங்கி, குனிஞ்சு அந்த உருண்டையத் தொட்டுப் பாத்தா. கழட்டி மாட்டுன எடத்துல புது கிரீஸு ஒழுகியிருந்துச்சு போல, தெரிஞ்சுபோச்சு. 'பத்தவச்சிட்டீங்களா'ன்னா. ஆமாம்னேன். அப்ப ஒண்ணு சொன்னா சார். 'எனக்குச் சாகப் பயமில்லங்க. சாகுறதுகூட உங்க கூடச் சேந்துதான் சாகணுமா?'ன்னா. பாசத்துல சொன்னதுதான். என்ன, கொஞ்சம் வெடுக்குன்னு சொல்லிட்டா. அப்பிடியே மழையில நனைஞ்சுக்கிட்டு மேல நடந்து போனவதான், இன்னும் எறங்கல.

போகும்போது ஒரே ஒரு வார்த்தை. 'அத எடுத்துட்டு லிமிட்டட் ஸ்லிப்ப மாட்டிட்டு வாங்க, நான் வர்றேன்.' அதுல மாத்தமே இல்ல.

போன வாரம் மச்சான் சந்தைக்கு வந்தாரு. மாத்திட்டேன் மச்சான், வேற எடத்துல மாட்டிட்டேன்னு சொல்லிட்டேன். 'ஒரு சக்கரத்தத் தூக்கிக் கையால சுத்திப் பாத்தீங்களா மாப்ள'ன்னாரு. அதுதான் சோதிக்கிற மொறை சார். கியரையெல்லாம் எடுத்துட்டு, அந்தரத்துல நிக்கிற சக்கரத்தக் கையால திருகணும். சாதான்னா லேசாச் சுத்தும். லிமிட்டட் ஸ்லிப்புன்னா மொரண்டு பிடிச்சுப் பிடிச்சுச் சுத்தும். பத்தவச்சதுன்னா தலைகீழா நின்னாலும் சுத்தாது, தரையில இருக்குற இன்னொண்ணு விடாதுல்ல. அதெல்லாம் பாத்தாச்சு மச்சான்னேன். அவரும் நம்பிட்டாரு. மறுநாளே ஜெயக்கொடி ஆள்கிட்டச் சொல்லிவிட்டா, இந்த வாரம் என்னை வரச் சொல்லி. சீலை துணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டாளாம்.

நெசமாவே மாத்த வேண்டியதுதானன்னு கேக்குறீங்க. மாத்துனா என்ன அர்த்தம் சார்? நான் போட்டது தப்புன்னு ஆகும். அவளை ஏத்திக்கிட்டு ஒரு தடவை கீழ வந்துட்டா, அப்புறம் எந்த டிஃபரன்ஷியலா இருந்தா என்ன? வீட்டுல ஒத்தையில இருக்க முடியல சார். ஒரு ஆம்பளை சொல்லக் கூடாது, ஆனா முடியல. போற அன்னைக்கு அவ காப்பி குடிச்ச டம்ளரக் கழுவிக் கமுத்தி வச்சிட்டுப் போனா. அது அப்பிடியே இருக்கு. நான் வேற டம்ளருல குடிக்கிறேன். எடுத்தா அவ வச்ச எடம் போயிருமேன்னு.

இருங்க. ஆரன் கேக்குது.

வந்துருச்சு சார், மேல இருந்து எறங்குது. மச்சான் வண்டி சத்தந்தான். ஆனா ஓட்டுறது மச்சான் இல்ல. அவரு கியர மாத்துனா கரகரன்னு மலையே கேக்கும். இது நழுவுன மாதிரி எறங்குது. சார், இது அவ. வண்டிய அவகிட்டக் கொடுத்திருக்காரு பாருங்க அந்த மனுசன். சார், நான் சொன்னது எதையும் மூச்சு விட்டுறாதீங்க. நான் லிமிட்டட் ஸ்லிப்பு மாட்டியிருக்கேன். சரியா? மாட்டியிருக்கேன்.

வா ஜெயக்கொடி! ஒண்ணுமில்ல, மண்ணு கொஞ்சம் வழுக்கிருச்சு. சார் பயந்துட்டாரு, அவ்வளவுதான். டவர் சாரு இவரு.

உங்களத்தான் கேக்குறா சார், அடி ஏதும் பட்டுச்சான்னு. இல்லேன்னு சொல்லுங்க.

மெலிஞ்சு போயிருக்கா. மழைக் கோட்டு மச்சானோடதாட்டம் இருக்கு, கையி முட்டுக்கு மேல மடிச்சு விட்டிருக்கா. சார், அந்த வண்டியில முன்சீட்டப் பாருங்களேன். நீலப் பையி. அது எங்க வீட்டுப் பையி சார்! சொன்னேன்ல, அவ வரத்தான் எறங்கியிருக்கா. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறவரைக்குங்கூடப் பொறுக்கல பாருங்க.

கயித்த முன்கொக்கியில போட்டுட்டா. அவ சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டா. எம்புட்டு நிதானம் பாத்தீங்களா. இப்ப கயிறு முறுக்கா நிக்குது, இனிமே வண்டி சரியாது. நீங்க கைய விட்டுக்கலாம், ஆனா எறங்காதீங்க.

என்ன ஜெயக்கொடி? பிரேக்க விடணுமா? விட்டுட்டேன். ரெண்டு கியர்க் குச்சியையும் நியூட்ரல்லயா? போட்டுட்டேன், நாலு சக்கர இழுவையையும் எடுத்தாச்சு. இழு, மெதுவா இழு.

அவ வண்டிக்குப் போகலையே சார். பின்னாடி எங்க போறா?

கண்ணாடியில தெரியிறா. தூக்கிக்கிட்டு நிக்கிற சக்கரத்துக்கிட்ட நிக்கிறா. ஏ ஜெயக்கொடி, மழையில நிக்காத, வந்து வண்டிய எடு!

கைய வச்சுட்டா சார். ரெண்டு கையையும்.

சுத்தல.

கால ஊண்டிக்கிட்டு மறுபடி இழுக்குறா. அவ மொகத்தப் பாருங்க சார், இந்தக் கண்ணாடியில குனிஞ்சு பாருங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு இழுக்குறா. கண்டுபிடிக்கணும்னு இழுக்கல சார். சுத்தணும்னு இழுக்குறா. எப்பிடியாச்சும் சுத்திறணும்னு இழுக்குறா. எனக்குத் தெரியும், அவ கூட இத்தன வருசம் இருந்திருக்கேன்.

விட்டுட்டா. கையச் சீலையில தொடைக்கிறா.

வண்டிக்குப் போறா சார். ஒண்ணுமே கேக்கல. ஏதாச்சும் கேட்டா நான் ஏதாச்சும் சொல்லுவேன்.

பிடிச்சுக்கங்க, இழுக்குறா. ரிவர்ஸ்லயே இழுக்குறா பாருங்க, ஒரு சக்கரம் வழுக்குது, ஒண்ணு பிடிக்குது, மறுபடி அது விடுது, இது பிடிக்குது. ஏறிருச்சு. நாலு சக்கரமும் தரையில இருக்கு. அம்புட்டுத்தான் சார், தப்பிச்சீங்க. எறங்குங்க, இப்ப எந்தப் பக்கம் வேணும்னாலும் எறங்கலாம்.

பேட்டரிய அந்த வண்டிக்கு மாத்தணுமாம். நான் தூக்குறேன், நீங்க விடுங்க, தோள்பட்டையெல்லாம் சரியாயிருச்சு. ஜெயக்கொடி, சாரை எதுக்கு அதுல ஏத்துற, நான்தான் மேல வர்றேனே? இல்ல, இந்த மேட்ட ஏத்திரலாம், நீ பக்கத்துல உக்காந்தா நான் மெதுவா... சரி. சரி, நான் மேல ஏறல.

ஏறிக்கங்க சார். அந்த நீலப் பைய மடியில வச்சுக்கங்க, கீழ வச்சா நனைஞ்சிரும். மேல அகலமா ஒரு எடம் இருக்கு, அங்க திருப்பிக்குவா.

என்ன சொன்னா கேட்டீங்களா? 'தார் ரோட்டுத் திருப்பத்துல மெதுவாப் போங்க, ஒடிச்சுத் திருப்பாதீங்க, ஆக்ஸில் ஒடிஞ்சிரும்'னு சொல்றா. அக்கறை சார். அக்கறை இல்லாம சொல்லுவாளா?

சார், ஒரு நிமிசம். சத்தமா வேணாம், இப்பிடிக் குனிங்க. அந்த டவரு... அவசரமே இல்ல சார். மழை விடட்டும், அப்புறம் ஏறுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளான்னைக்குப் பாத்துக்கலாம். சாமான் வரலேன்னு சொல்லிருங்க, யாரு கேக்கப்போறா. கீழ போனதும் நான் அவளுக்குப் போன் போடுவேன். தெனமும் போடுவேன். டவர் இல்லேன்னா அவ எப்பிடி எடுப்பா, பாவம்.